பார்த்தும் பாராத ஊர்: ரெய்க்யாவிக் நாட்குறிப்பு

வெள்ளிக்கிழமை

கெஃப்லாவிக் விமான நிலையத்திலிருந்து ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யாவிக்குக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவு. வழி நெடுகக் கறுத்த எரிமலைப் பாறையும் அதன்மேல் படர்ந்த பாசியும் தவிர வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லாததால், என்னை அழைத்துப் போக வந்திருந்த அக்கா மகள் இந்த ஊரில் நடந்துகொள்ள வேண்டிய முறைகளைப் பேருந்திலேயே சொல்லி முடித்துவிட்டாள். புவிவெப்ப ஆற்றலில் மேற்படிப்புப் படிக்க வந்து, இந்நாட்டுக் குளிர்காலங்களைத் தாக்குப்பிடித்துத் தேறியவள் அவள். சொன்னவற்றில் பாதி காற்றையும் காலணியையும் பற்றியது. மீதியில் ஒன்றை மட்டும் இங்கே குறிக்கிறேன், இனி எழுதப்போகும் எல்லாமே அதைச் சுற்றித்தான் அமையும் போலிருக்கிறது.

“தெருவுல தெரிஞ்ச முகம் யாரையாவது பார்த்தா நின்னு பார்க்காதீங்க மாமா. போனை எடுக்கவே கூடாது. பார்த்த மாதிரியே காட்டிக்காம நடந்துடணும்.”

இந்த ஊரில் எனக்குத் தெரிந்த முகம் யாருடையதாக இருக்க முடியும் என்று கேட்டேன். பாடகி பியோர்க்கைத் தெரியுமல்லவா என்றாள். தெரியும். மற்றவர்களைத் தனக்கே இப்போதுதான் அடையாளம் தெரியத் தொடங்கியிருக்கிறது என்றும், அடையாளம் தெரியத் தொடங்கிய பிறகுதான் எத்தனை பேரை நாள்தோறும் கடந்து போகிறோம் என்பது புரிந்தது என்றும் சொன்னாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் வியப்பு ஏதும் இல்லை. ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் ஒரு குடியரசுத் தலைவர், ஒரு பிரதமர், 63 நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஒரு தேசியக் கால்பந்து அணி, ஒரு சிம்பொனி இசைக்குழு, இவற்றோடு எழுத்தாளர்கள், நடிகர்கள், செய்தி வாசிப்பவர்கள் என்று ஒரு முழு நாட்டுக்கு வேண்டிய புகழ்பெற்றவர்கள் எல்லாரும் இருந்தாக வேண்டும். ஏறக்குறைய ஆறாயிரம் பேருக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தத் தலைநகர வட்டாரத்திலேயே வசிக்கிறார்கள். பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் அவர்களும் வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

இங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்று பொருள்படும் விகுதி சேர்ந்து வரும், அவ்வளவே. ஆகவே குடியரசுத் தலைவரையும் முதற்பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டோடு அச்சில் வருவது நின்றுபோன தொலைபேசிப் புத்தகமும் முதற்பெயர் வரிசையில்தான் அடுக்கப்பட்டிருந்தது; ஒரே பெயர் பலருக்கு இருப்பதால் பக்கத்தில் தொழிலையும் குறிப்பார்கள். அமைச்சரும் மீனவரும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பது அதில் சாதாரணம்.

மாலை நகர மையத்தைச் சுற்றி வந்தோம். ஜூன் மாதமாதலால் மாலைக்கு முடிவே இல்லை. பிரதமரின் அலுவலகமாக நெடுங்காலமாக இருந்துவரும் வெள்ளைக் கட்டடம், பதினெட்டாம் நூற்றாண்டில் சிறைச்சாலையாகக் கட்டப்பட்டது. தெருவுக்கும் அதன் வாசலுக்கும் நடுவே ஒரு புல்வெளிதான் இருக்கிறது. மதில் இல்லை. ஒருவர் அந்தப் புல்லில் நாயை நடத்திக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை

நகரின் மேற்குப் பகுதியில், 1961-இல் திறக்கப்பட்ட வெஸ்தூர்பையர் நீச்சல் குளத்துக்கு இன்று காலை போனோம். குளம் திறந்த வெளியில்தான் இருக்கிறது, பனிக்காலத்திலும் அப்படித்தான். பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர் இந்நகர வீடுகளைச் சூடாக்குவதோடு குளங்களையும் நிரப்புகிறது. நீந்துவோர் சிலர்தாம். பெரும்பாலோர் வருவது ஓரத்தில் இருக்கும் வட்ட வெந்நீர்த் தொட்டிகளுக்காக. 38 பாகை, 40 பாகை, 42 பாகை என்று ஒவ்வொன்றின் வெப்பமும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. கழுத்தளவு நீரில் பத்துப் பேர் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வானிலையில் தொடங்கி வரவுசெலவுத் திட்டம் வரை பேசுகிறார்கள்.

குளத்தில் இறங்குமுன் உடை முழுவதையும் களைந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும் என்பது கண்டிப்பான விதி. எந்தெந்த உறுப்பைக் கட்டாயம் தேய்க்க வேண்டும் என்று சிவப்பு வட்டங்களிட்ட படமே சுவரில் மாட்டியிருக்கிறது. ஆண்களுக்குத் தனி அறைதான் என்றாலும், வயது வந்தபின் முன்பின் தெரியாத மனிதர்கள் நடுவே அப்படி நின்று பழக்கமில்லாத என்போன்றவனுக்கு அந்தச் சில நிமிடங்கள் பெரிய சோதனைதான். மற்றவர்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதை இந்த ஊர்ப் பிள்ளைகள் மூன்று நான்கு வயதிலேயே இந்த அறைகளில்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். உடை மாற்றும் அறையில் கைபேசியை வெளியே எடுக்கக் கூடாது என்பதும் விதியே.

அக்கா மகள் முன்பே வந்து தொட்டியில் அமர்ந்திருந்தாள். எங்களுக்கு எதிரே இரண்டு முதியவர்கள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை இரு பக்கமும் நெருக்கி உட்கார்ந்துகொண்டு ஏதோ அடுக்கிக்கொண்டே போனார்கள். மொழி புரியாவிட்டாலும் அது புகார் என்பது புரிந்தது. நடுவில் இருந்தவர் தலையாட்டினார், இரண்டொரு முறை மறுத்தார், ஒரு கட்டத்தில் விரல்விட்டு எண்ணி எதையோ விளக்கினார். முதியவர்களில் ஒருவர் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை என்பது அவர் கையால் நீரைத் தட்டிய வேகத்தில் தெரிந்தது. பிறகு மூவரும் சிரித்தார்கள். நடுவில் இருந்தவர் எழுந்து குளிர்நீர்த் தொட்டியில் ஒருமுறை முங்கிவிட்டு உள்ளே போனார்.

வெளியே வந்து மிதிவண்டி நிறுத்துமிடத்தில் நின்றபோதுதான் அவர் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் என்று அக்கா மகள் சொன்னாள். பேச்சு மீன்பிடி ஒதுக்கீட்டைப் பற்றியதாம். எவ்வளவு மீனை யார் பிடிக்கலாம் என்று பங்கிட்டு, அந்தப் பங்கை வாங்கவும் விற்கவும் விட்ட ஏற்பாடு 1980-களில் தொடங்கியது முதல், அந்த உரிமைகள் சில பெரிய நிறுவனங்களின் கையில் சேர்ந்துவிட்டன என்ற சண்டை இந்நாட்டில் ஓயவே இல்லை. ஓர் உறுப்பினரைத் தொகுதி மக்கள் அரைமணி நேரம் தம் நடுவே உட்காரவைத்துக் கேள்வி கேட்க மேடையோ மனுவோ உதவியாளரோ வேண்டியிருக்கவில்லை. அவர் பெயரை அவள் சொன்னாள். குளிக்க வந்த மனிதரின் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

அவளிடம் ஒன்று கேட்டேன். பார்த்தும் பாராததுபோல் போக வேண்டும் என்றால், அந்த முதியவர்கள் செய்தது என்ன? அவர்கள் அவரை நெருக்கியது பிரபலம் என்பதற்காக அல்ல, மீனுக்காக என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள். பேச விஷயம் இருந்தால் யாரிடமும் பேசலாம். விஷயம் இல்லாமல், அவர் அவராக இருப்பதற்காகவே கிட்டப் போவதுதான் இங்கே அநாகரிகம். நம்மிடம் இது அப்படியே தலைகீழாக இருக்கிறது. விஷயத்தோடு போகிறவனை வாசலில் நிறுத்திவிடுவோம். படம் எடுத்துக்கொள்ள வந்தவனை உள்ளே விடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை

கடுங்காற்று. கடற்கரையோரம் நடந்து, 1986 அக்டோபரில் ரீகனும் கோர்பச்சேவும் அணு ஆயுதக் குறைப்புப் பற்றிப் பேசிய ஹோஃப்தி மாளிகையைப் பார்த்தோம். மாளிகை என்று பேரே தவிர, ஒரு வசதியான வெள்ளை மரவீடு. புல்லில் தனியாக நிற்கிறது.

துறைமுகத்துக்கு அருகே 1937 முதல் இயங்கிவரும் ‘பையரின்ஸ் பெஸ்து’ என்ற ஹாட்-டாக் கடையில் நீண்ட வரிசை. ஆட்டிறைச்சி சேர்ந்த பண்டமாதலால் நான் வரிசையில் நிற்கவில்லை, பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து வரிசையைப் பார்த்தேன். 2004 ஆகஸ்டில் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் பில் கிளின்டன் இந்தக் கடையின் முன் நின்று, கடுகுச் சாந்தைத் தவிர வேறெதுவும் சேர்க்காமல் ஒன்றை வாங்கித் தின்றார். அன்றிலிருந்து ‘கிளின்டன்’ என்று கேட்டால் கடுகு மட்டும் தடவித் தருகிறார்கள். சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் இதைச் சொல்கின்றன. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் இந்தக் கதைக்காக வந்தவர்களே.

இதில்தான் எனக்கு ஒரு நெருடல். உள்ளூர்க்காரரின் புகழைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஊர், வெளியூர்க்காரர் ஒருவர் ஐந்து நிமிடம் நின்று தின்றதை இருபது ஆண்டுகளாக விற்றுக்கொண்டிருக்கிறது. அக்கா மகளுக்கு இது முரணாகவே படவில்லை. அவர் திரும்பி வரப்போவதில்லை, ஆகவே அவரைக் கதையாக்கிவிடலாம். பியோர்க் நாளைக்கே இதே வரிசையில் வந்து நிற்கலாம், அவரை எப்படிக் கதையாக்குவது என்று கேட்டாள்.

பியோர்க் இந்த நகரத்தில் பிறந்தவர், பதினொரு வயதில் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்தவர். உலகெங்கும் பாடியபின்னும் இந்த ஊரோடு உள்ள தொடர்பை அவர் விடவில்லை. 1996 பிப்ரவரியில் அவர் தம் மகனோடு பாங்காக் விமான நிலையத்தில் இறங்கியபோது, வரவேற்புச் சொல்லிக்கொண்டே நெருங்கிய தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர்மேல் பாய்ந்து அவரைத் தரையில் தள்ளித் தாக்கினார். அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார். அடித்ததற்கு நியாயம் கற்பிக்க நான் வரவில்லை. ஆனால் வெளியூரில் ஒலிவாங்கிக்கும் ஒளிக்கருவிக்கும் நடுவே பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒருவர், தம் ஊரில் அதே பிள்ளையோடு கடைத்தெருவில் நடக்கும்போது ஒருவரும் தலையைத் திருப்பாமல் இருந்தால், அந்த ஊருக்கு அவர் ஏன் திரும்பித் திரும்பி வருகிறார் என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் வரை வம்சாவளியைத் தொகுத்துவைத்திருக்கும் ‘ஈஸ்லெண்டிங்கபோக்’ என்ற தரவுத்தளம் 2003 முதல் இணையத்தில் இருக்கிறது. ஐஸ்லாந்தியர் எவரும் அதில் நுழைந்து, பியோர்க் தமக்கு எத்தனை தலைமுறைக்கு முன் பிரிந்த உறவு என்று பார்த்துக்கொள்ளலாம். ஏழெட்டுத் தலைமுறைக்குள் ஏதோ ஒரு தாத்தா பொதுவாக அகப்பட்டுவிடுவாராம். பங்காளி வீட்டுப் பெண்ணிடம் யார் கையெழுத்துக் கேட்பார்கள்?

திங்கட்கிழமை

நான் இந்த ஊருக்கு வந்ததற்கு உண்மையான காரணம் சதுரங்கம். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் விளையாடப் போன பையன்களில் நானும் ஒருவன். அதே கழகத்திலிருந்து விஸ்வநாதன் ஆனந்த் எங்கேயோ போனார். நான் வங்கிக்குப் போனேன். 1972-இல் இங்கே நடந்த உலகப் போட்டியின் ஆட்டங்களைப் புத்தகத்தில் வைத்துப் பலகையில் நகர்த்தி வளர்ந்தவர்களுக்கு ரெய்க்யாவிக் என்பது முதலில் ஒரு தலைப்பு, பிறகுதான் ஊர்.

லௌகர்தால் உள்ளரங்கத்துக்கு முன் நின்றேன். இப்போது அங்கே கைப்பந்தும் இசைக்கச்சேரிகளும் நடக்கின்றன. உலகப் பட்டத்துக்குச் சவால் விட்ட அமெரிக்கர் பாபி ஃபிஷர் தொடக்க விழாவுக்கே வரவில்லை. பரிசுப் பணம் போதாது என்றார், லண்டன் செல்வந்தர் ஒருவர் தொகையை இரட்டிப்பாக்கினார், அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் தொலைபேசியில் அழைத்தார், பிறகுதான் வந்தார். ஜூலை 11-இல் முதல் ஆட்டம், அதில் தோல்வி. இரண்டாம் ஆட்டத்துக்கு வரவே இல்லை. மூன்றாம் ஆட்டம் பார்வையாளர்களிடமிருந்து விலகிய ஒரு பின்னறையில் நடந்தது. ஆறாவது ஆட்டத்தின் முடிவில் தோற்ற சோவியத் வாகையர் ஸ்பாஸ்கியே அரங்கத்தாரோடு சேர்ந்து கைதட்டினார். செப்டம்பர் 1-ஆம் நாள் 12½–8½ என்ற கணக்கில் ஃபிஷர் உலக வாகையர் ஆனார்.

இவையெல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. எனக்கு வேண்டியது சைமுண்டூர் பால்சனின் கதை. ரெய்க்யாவிக் காவல்துறையில் ஒரு காவலர். ராக் அண்ட் ரோல் நடனத்தில் கைதேர்ந்தவர் என்பதால் ஊரார் அவரை ‘சைமி ராக்’ என்றே அழைத்தார்கள். போட்டி நடந்த கோடையில் ஃபிஷருக்குப் பாதுகாவலாக அவரை நியமித்தார்கள். இருட்டாத இரவுகளில் ஃபிஷருக்குத் தூக்கம் வராது. நள்ளிரவில் நீந்தப் போவார், காரில் ஊருக்கு வெளியே சுற்றப் போவார். சைமி கூடவே போனார். சதுரங்கத்தைப் பற்றி ஃபிஷரிடம் பேசக்கூடிய ஆள் அல்லர் அவர். ஒருவேளை அதனாலேயே பிடித்துப்போயிருக்கலாம் என்பது என் ஊகம். போட்டி முடிந்ததும் சில காலம் அமெரிக்காவுக்கும் உடன் சென்றார். பிறகு தொடர்பு அற்றுப்போனது.

ஃபிஷர் பட்டத்தைக் காக்க ஆடவில்லை, 1975-இல் அது சோவியத் ஆட்டக்காரர் கார்ப்போவுக்குப் போனது. 1992-இல் தடை விதிக்கப்பட்டிருந்த யூகோஸ்லாவியாவில் ஸ்பாஸ்கியோடு மறுபடி ஆடியதற்காக அமெரிக்கா கைது ஆணை பிறப்பித்தது. அதன்பின் அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. 2004 ஜூலையில் டோக்கியோவின் நரிதா விமான நிலையத்தில் கடவுச்சீட்டுச் செல்லாது என்று பிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டார். அந்தக் காவலிலிருந்து அவர் தொலைபேசியில் உதவி கேட்ட மனிதர் சைமி. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தற்செயலாகப் பணி ஒதுக்கப்பட்ட ஒரு போலீஸ்காரர். அவரும் ஊரிலிருந்த சதுரங்க நண்பர்கள் சிலரும் சேர்ந்து ஒரு குழு அமைத்து அரசையும் நாடாளுமன்றத்தையும் விடாமல் தட்டினார்கள். 2005 மார்ச் 21-ஆம் நாள் ஐஸ்லாந்து நாடாளுமன்றம் ஃபிஷருக்குக் குடியுரிமை வழங்கியது. மூன்று நாள் கழித்து அவர் இங்கே வந்து இறங்கினார்.

உலகின் வேறெந்த ஊரில் அவர் அடுத்த மூன்றாண்டுகளை அப்படிக் கழித்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. தாடியும் தொப்பியுமாக லௌகவேகூர் கடைத்தெருவில் நடந்தார், பேருந்தில் ஏறினார், கிளப்பர்ஸ்டீகூர் தெருவில் ‘போகின்’ என்ற பழைய புத்தகக் கடையில் அலமாரிகளுக்கு நடுவே ஒரு மூலையில் மணிக்கணக்காகப் படித்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் சதுரங்கம் தெரியாத வீடு அரிது. கிராண்ட்மாஸ்டர்களை மக்கள்தொகையோடு வகுத்துப் பார்த்தால் உலகில் முன்வரிசையில் நிற்கும் நாடு இது. அந்தக் கடைக்குள் வந்த எவருக்கும் மூலையில் இருப்பவர் யார் என்று தெரிந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து அவரைத் தேடி வந்த நிருபர்களுக்குத்தான் அவர் அகப்படவில்லை. இன்று நான் அந்தத் தெருமுனையில் சற்று நேரம் நின்றேன். நான் இருபது வயதில் இங்கே வந்திருந்து, கதவைத் திறந்ததும் அவரைக் கண்டிருந்தால், புத்தகம் வாங்கிக்கொண்டு பேசாமல் வெளியேறியிருப்பேனா? நிச்சயமாக மாட்டேன். ஆறாவது ஆட்டத்தைப் பற்றி ஏதாவது உளறி அவரை அந்த மூலையிலிருந்து கிளப்பியிருப்பேன்.

ஆனந்த் அவரை இங்கேதான் சந்தித்தார். 2006-இல் ஒரு மின்னல்வேகச் சதுரங்கப் போட்டிக்காக வந்திருந்தபோது, உள்ளூர் கிராண்ட்மாஸ்டர் ஒருவர் ஏற்பாடு செய்தார். அது தற்செயலான சந்திப்பு இல்லைதான். என்றாலும் மயிலாப்பூர்ப் பக்கம் சதுரங்கம் பழகிய ஒரு தலைமுறைக்கு அந்தச் செய்தி எப்படி இருந்தது என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்குவது கடினம். அக்கா மகள் விளக்கம் கேட்கவும் இல்லை. அவளுக்குப் பசித்தது.

செவ்வாய்க்கிழமை

பேருந்தில் செல்ஃபோஸ். ஹெல்லிஸ்ஹெய்தி மேட்டில் நீராவி புகைந்துகொண்டிருந்த மின்நிலையத்தைப் பற்றி அக்கா மகள் வழி முழுவதும் பாடம் நடத்தினாள். அதைத் தனியாக எழுத வேண்டும். செல்ஃபோஸில் ஃபிஷர் நினைவாக ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து வயல்களினூடே நடந்தால் லௌகர்டைலிர் என்ற சிற்றூரின் தேவாலயம். 2008 ஜனவரி 17-இல், சதுரங்கப் பலகையின் கட்டங்கள் எத்தனையோ அத்தனை வயதில், சிறுநீரகம் செயலிழந்து ஃபிஷர் இறந்தார். நான்கு நாள் கழித்து விடியுமுன் மிகச் சிலர் மட்டும் கூடி இங்கே புதைத்தார்கள். எளிய கல்லில் பெயரும் இரு தேதிகளும் தவிர ஒன்றுமில்லை. வாரிசு வழக்கு ஒன்றுக்காக 2010-இல் உடலைத் தோண்டி மரபணுச் சோதனைக்கு மாதிரி எடுத்தார்கள் என்பதையும் சேர்த்தால், இறந்தபின் அவருக்கு அந்த ஊர் தந்த அமைதி இரண்டரை ஆண்டுகள்தான் நீடித்தது.

அருங்காட்சியகத்தில் 1972-இன் படங்கள் நிறைய. பிந்தைய ஃபிஷரைப் பற்றிக் குறைவு. அந்தக் குறை எனக்கு உறுத்துகிறது. யூதர்களைப் பற்றி அவர் ஆண்டுக்கணக்கில் கக்கிய வெறுப்பும், 2001 செப்டம்பர் 11 தாக்குதலை அன்றே ஒரு பிலிப்பைன்ஸ் வானொலியில் வரவேற்றுப் பேசியதும் பதிவில் இருக்கின்றன. அவர் தாயே யூதர். குடியுரிமை கொடுத்தபோது இதெல்லாம் இங்குள்ளவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தங்கள் சிறு ஊரை ஒரு கோடை முழுவதும் உலகம் பார்க்கச் செய்தவர் அந்நியச் சிறையில் கிடக்கிறார், அவரை மீட்பது நம் கடன் என்று அவர்கள் நினைத்தார்கள். கடனைத் தீர்த்தார்கள், சரி. ஆனால் பார்த்தும் பாராதிருக்கும் பண்பு ஒரு மனிதரின் முகத்தைத் தாண்டி அவர் பேச்சுக்கும் நீளும்போது அதை நான் முழு மனத்தோடு மெச்ச முடியவில்லை. திரும்பி வரும் பேருந்தில் இதைச் சொன்னேன். எங்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் அம்மாளும் இதையேதான் சொல்வார் என்றும், அந்நாளில் ஊரில் இதைப் பற்றி வாக்குவாதம் இல்லாமல் போகவில்லை என்றும் அவள் சொன்னாள்.

புதன்கிழமை

காலையில் ஆல்ஃப்டானெஸ் தீபகற்பத்தில் குடியரசுத் தலைவர் வசிக்கும் பெஸ்ஸாஸ்தாதிர். சிவப்புக் கூரையிட்ட சில வெள்ளைக் கட்டடங்கள், பக்கத்தில் ஒரு தேவாலயம், சுற்றிலும் கடல். சாலையிலிருந்து நடந்தே வீட்டருகில் போய்விடலாம். துப்பாக்கி ஏந்திய காவலர் எவரையும் நான் காணவில்லை. 1980-இல் உலகிலேயே முதன்முறையாக மக்கள் வாக்கால் நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்மணி விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் பதினாறு ஆண்டுகள் இங்கே இருந்தார். இப்போது இருப்பவர் 2024-இல் பதவியேற்ற ஹல்லா தோமஸ்டோட்டிர். இடையில் இருந்த குட்னி யோஹன்னெசொன் 2017-இல் ஒரு பள்ளிக்குப் போனபோது, முடிந்தால் பீட்சாவில் அன்னாசியைத் தடைசெய்வேன் என்று மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்லப்போய் அது உலகச் செய்தியாகிவிட்டது. அப்படியொரு அதிகாரம் தமக்கு இல்லை, இருக்கவும் கூடாது என்று அவர் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று.

மாலையில் நாடாளுமன்றத்தின் எதிரே இருக்கும் சதுக்கத்தில் வெயில் காய்ந்தோம். 1881-இல் எழுந்த அந்தக் கருங்கல் கட்டடமும் தெருவை ஒட்டியே நிற்கிறது. 2008 அக்டோபரில் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் கவிழ்ந்தபோது, இதே புல்வெளியில்தான் மக்கள் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நின்றார்கள். 2009 ஜனவரியில் பிரதமர் கெய்ர் ஹார்டேயின் காரை அவர் அலுவலக வாசலிலேயே சூழ்ந்துகொண்டு முட்டையால் அடித்தார்கள். சில நாளில் அரசு கவிழ்ந்தது. 2016 ஏப்ரலில், வெளிநாட்டு நிறுவனக் கணக்கு ஒன்று வெளிப்பட்டபோது இன்னொரு பிரதமர் பதவி இழந்ததும் இங்கே திரண்ட கூட்டத்தால்தான்.

“தெருவுல திரும்பிக்கூடப் பார்க்காதவங்க முட்டை அடிக்கிறாங்களே?” என்று கேட்டேன்.

“வேலை நேரம் மாமா,” என்றாள்.

வாசலில் மதில் இல்லாத வசதி இரு தரப்புக்கும் பொதுதான் போலும். ஹார்டேயை அதோடு விடவுமில்லை. அமைச்சர்களை விசாரிப்பதற்கென்றே சட்டத்தில் இருந்தும் அதுவரை ஒருமுறைகூடக் கூடாத ஒரு தனி நீதிமன்றத்தைக் கூட்டி விசாரித்தார்கள். நெருக்கடி பற்றி அமைச்சரவையைக் கூட்டிப் பேசத் தவறினார் என்ற ஒரு குற்றம் மட்டும் 2012-இல் உறுதியானது. தண்டனை ஏதும் விதிக்கப்படவில்லை. முட்டை அடித்தவர்களும் வாங்கியவரும் அதற்குப் பிறகும் அதே கடைகளுக்கும் அதே குளங்களுக்கும்தான் போயிருக்க வேண்டும், ஏனெனில் இந்த ஊரில் வேறு கடைகளும் குளங்களும் இல்லை. 2015-இல் அவரை வாஷிங்டனுக்குத் தூதராக அனுப்பினார்கள்.